பயிர்க் காவல் துப்பாக்கியைத் துருவின்றிப் பாதுகாக்கும் முறை

மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் சிலரிடம், பயிர்ப் பாதுகாப்புக்கென லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. தகப்பனார் காலத்தில் வாங்கிய ஒற்றைக் குழல் தோட்டாத் துப்பாக்கியாக இருக்கலாம். அல்லது வாய் வழியே மருந்து கெட்டிக்கும் கேப்புத் துப்பாக்கியாக இருக்கலாம். எதுவாயினும் வருடத்தில் பெரும்பகுதி அது சும்மாதான் இருக்கிறது. பம்புசெட்டையும் கலப்பையையும் கவனிக்கிற அளவுக்கு அதை யாரும் கவனிப்பதில்லை.

கலப்பை துருப்பிடித்தால் ஓர் உழவு தடைப்படும். குழல் உட்புறம் துருப்பிடித்து அரித்துப் போனால், சுடும்போது குழல் வெடித்துச் சுடுகிறவரின் விரலும் கண்ணும் போய்விடும். ஆகவே துப்பாக்கியைப் பழுதின்றி வைத்திருப்பது சிக்கனத்துக்காக மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்புக்காகவும் ஆகும். இதற்கு அதிகச் செலவில்லை. முறை தெரிந்து, மாதம் ஒரு முறை கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

நீண்ட நாள் வைப்பது எப்போது?

அறுவடை முடிந்ததும் அடுத்த பட்டம் வரை துப்பாக்கி வீட்டில் சும்மா இருக்கும். இது ஒரு வகை. தேர்தல் காலத்தில் மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவுப்படி போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைப்பது இன்னொரு வகை. 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. ஓட்டு எண்ணிக்கை ஜூன் 4 அன்று நடந்தது. இடையில் 80 நாட்கள். அழுக்கோடும் வியர்வையோடும் ஒப்படைத்த துப்பாக்கி 80 நாட்களில் எவ்வளவு துருவேறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்டேஷனில் நூறு துப்பாக்கிகளோடு ஒன்றாக இருக்கும் நம் துப்பாக்கிக்கு யாரும் எண்ணெய் போடமாட்டார்கள். ஒப்படைக்கும் முன்பே நாம் தயார் செய்துவிட வேண்டும்.

பக்கத்துக் கர்நாடக மாநிலத்தின் குடகு மலையில் உள்ள குடகு மக்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நாற்று நடவுக் காலம் முழுவதும் துப்பாக்கியையும் ஆயுதங்களையும் பூஜை அறையில் வைத்துவிடுவார்கள். நடவு முடிந்தபின், செப்டம்பர் முதல் வாரத்தில் வரும் கைல்போள்த் பண்டிகையன்று அவற்றை எடுத்துச் சுத்தம் செய்து, செங்காந்தள் பூச் சூட்டி வணங்குவார்கள். நம் ஆயுத பூஜைக்கு ஒப்பானது இது. அடைமழைக்குப் பெயர் போன அந்த மலையில், மழைக்காலம் கழியும்போது ஒவ்வொரு துப்பாக்கியும் கட்டாயம் ஒரு முறை துடைக்கப்படுகிறது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

துரு ஏன் பிடிக்கிறது?

இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போனால் துரு வேகம் பிடிக்கும். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரப்பதம் இதற்கு மேலேதான் இருக்கும். இதோடு உப்பும் சேர்ந்துவிட்டால் துரு இரண்டு பங்காகும். உப்பு எங்கிருந்து வருகிறது? நம் கை வியர்வையில் இருக்கிறது. கடற்காற்றில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எரிந்த கரிமருந்தின் கசடில் இருக்கிறது.

வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்ததே கரிமருந்து. அது எரிந்தபின் குழலில் தங்கும் கசடு காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. இரவு சுட்டுவிட்டுக் கழுவாமல் வைத்தால், மறுநாளே குழலுக்குள் செந்துரு படிந்திருப்பதைக் காணலாம். இந்த உப்பை எண்ணெய் கரைக்காது. தண்ணீர்தான் கரைக்கும். கழுவாமல் மேலே எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு அடியிலேயே தங்கி, எண்ணெய்க்குக் கீழே இரும்பை அரிக்கும். பலருடைய கேப்புத் துப்பாக்கி கெட்டுப் போவதற்கு இதுவே முதற் காரணம்.

முதல் வேலை: காலியா என்று பார்ப்பது

எந்த வேலை தொடங்கினாலும் முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, குழல்வாயை ஆள் நடமாட்டமில்லாத பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும்.

தோட்டாத் துப்பாக்கியானால் மடக்கிப் பார்த்தாலே தெரியும். கேப்புத் துப்பாக்கியில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முதலில் கேப்பு இருந்தால் எடுத்துவிட வேண்டும். பிறகு கெஜக்கோலைக் குழலுக்குள் அடி வரை மெதுவாக விட்டு, குழல்வாய் அருகே கோலில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். கோலை வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல்வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி, கேப்பு மாட்டும் முனை வரை எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே மருந்து கெட்டித்து இருக்கிறது என்று பொருள்.

அப்படி இருந்தால் கம்பியால் குத்தி எடுக்கவோ, நெருப்பில் காட்டவோ, சுட்டுப் பார்க்கவோ கூடாது. கேப்பு இல்லாமல் அப்படியே லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோய், உள்ளே மருந்து இருப்பதை முதலிலேயே சொல்லி, எடுக்கச் சொல்ல வேண்டும். கெட்டித்த துப்பாக்கியைப் பரணில் போட்டு மறந்துவிடுவதும், பல மாதம் கழித்து வேறொருவர் எடுத்துக் கேப்பை மாட்டிப் பார்ப்பதும் பெரும் விபத்துக்கு வழி.

கழுவும் முறை

கேப்புத் துப்பாக்கிக்கு: கொதிநீரில் சிறிது சோப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். கட்டையிலும் விசைப் பகுதியிலும் தண்ணீர் இறங்காதபடி குழலைத் தனியே கழற்றிக்கொள்வது நல்லது. கழற்றத் தெரியாவிட்டால் ஒரு முறை ரிப்பேர்க்காரரிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். கெஜக்கோல் நுனியில் துணி சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து மேலும் கீழும் இழுங்கள். கறுப்பு நீர் நின்று தெளிந்த நீர் வரும் வரை தண்ணீரை மாற்றிக் கழுவ வேண்டும். கடைசியாக வெறும் கொதிநீர் ஊற்ற வேண்டும். கொதிநீர் ஊற்றுவதில் ஒரு நன்மை உண்டு. குழல் சூடேறித் தானாகவே ஈரம் உலர்ந்துவிடும். பிறகு உலர்ந்த துணியால் நாலைந்து முறை துடைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் போட்டுவிட வேண்டும்.

தோட்டாத் துப்பாக்கிக்கு: இக்காலத் தோட்டாக்களில் உப்புக் கசடு குறைவு. ஆனால் ஈயமும் பிளாஸ்டிக்கும் குழலில் ஒட்டிக்கொண்டு, அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பித்தளைக் கம்பி பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துப் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்து, பிறகு துணி வெள்ளையாக வரும் வரை துடைக்க வேண்டும்.

ஈரம் காய்வதற்காகக் குழலை அடுப்புத் தணலில் காட்டுவது தவறு. இரட்டைக் குழல் துப்பாக்கியில் இரு குழல்களையும் இணைக்கும் பட்டை ஈயப் பற்றால் ஒட்டப்பட்டிருக்கும். தணலின் சூட்டில் பற்று இளகி, குழல்கள் பிரிந்துவிடும்.

எந்த எண்ணெய் நல்லது?

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போடுகிறவர்கள் உண்டு. தாவர எண்ணெய்கள் நாளாவட்டத்தில் காற்றுப்பட்டுப் பிசினாகும். சிக்குப் பிடித்துப் புளிப்பேறும். விசை சிக்கிக்கொள்வதும் குதிரை மெதுவாக விழுவதும் இதனால்தான்.

மண்ணெண்ணெய் சுத்தம் செய்ய ஏற்றது; காப்பதற்கு ஏற்றதல்ல. அது ஆவியாகிப் போனதும் இரும்பு அம்மணமாக நிற்கும். பம்புசெட்டிலிருந்து எடுத்த பழைய எஞ்சின் ஆயிலையும் போடக்கூடாது. அதில் புகைக்கரியும் அமிலமும் சேர்ந்திருக்கும்.

ஒரு மாதம், இரண்டு மாதம் வைப்பதானால் தையல் மிஷின் எண்ணெய் அல்லது புதிய எஞ்சின் ஆயில் போதும். மூன்று மாதத்துக்கு மேலானாலோ, மழைக்காலமானாலோ குழலின் உட்புறமும் வெளிப்புறமும் வாசலின் அல்லது சுத்தமான கிரீஸை மெல்லிய படலமாகத் தடவலாம். உள்ளே கிரீஸ் போட்டால், ‘குழலில் கிரீஸ் உள்ளது, துடைக்காமல் சுடக் கூடாது’ என்று ஒரு அட்டையில் எழுதி விசையில் கட்டித் தொங்கவிட வேண்டும். கிரீஸ் அடைத்த குழலில் சுட்டால் அழுத்தம் மிகுந்து குழல் புடைத்துவிடும்.

எண்ணெய் அதிகமானால் நல்லது என்று எண்ண வேண்டாம். விசைப் பகுதிக்கு இரண்டு சொட்டுப் போதும். அதிகமாக ஊற்றினால் அது கட்டைக்குள் இறங்கி, மரத்தை ஊறவைத்து இளக்கிவிடும். எண்ணெய் போட்டபின் இரண்டு நாள் குழல்வாய் கீழே இருக்கும்படி, ஒரு துணியின் மேல் சாய்த்து வைத்தால் மிஞ்சிய எண்ணெய் கட்டைக்குப் போகாமல் கீழே வடிந்துவிடும்.

எண்ணெய் போட்டபின் வெறுங்கையால் இரும்பைத் தொடக் கூடாது. விரல் பட்ட இடத்தில் விரல் ரேகை வடிவிலேயே துரு பிடிக்கும். எண்ணெய்த் துணியால் பிடித்து எடுத்து வைக்க வேண்டும்.

குதிரையும் கட்டையும்

குதிரையை இழுத்த நிலையில் மாதக்கணக்கில் வைத்தால் ஸ்பிரிங் தளரும். காலி என்று உறுதி செய்துகொண்டபின், கேப்பு முனை மேல் ஒரு தோல் துண்டை வைத்து, குதிரையைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்கிவிடுங்கள். வெறுமனே அடிக்க விட்டால் முனை நசுங்கும். தோட்டாத் துப்பாக்கிக்கு, அடி ஊசி தேயாமல் இருக்க, கடையில் கிடைக்கும் பொய்த் தோட்டாவை வைத்து விசையை விடலாம்.

மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை நாலைந்து சொட்டு உள்ளங்கையில் விட்டு, சூடு பறக்கத் தேய்த்தால் கட்டை வெடிக்காது. மழை ஈரத்தில் உப்பாது. ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தபின் மண்ணில் புதைத்துவிட வேண்டும்.

எங்கே வைப்பது, எப்படிச் சுற்றுவது?

தோல் உறையிலும் கம்பளி உறையிலும் சாக்கிலும் நீண்ட நாள் வைப்பது கெடுதல். இவை ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும். தோல் பதனிடும் உப்பும் அமிலமும் வேறு சேரும். உறை, வழியில் கொண்டு செல்வதற்கு மட்டுமே. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுவதும் தவறு. பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது பைக்குள் அடைபட்ட ஈரம் வேர்த்து, குழல் மேல் துளித்துளியாக நிற்கும். எண்ணெயில் நனைத்துப் பிழிந்த பழைய பருத்தி வேட்டித் துணியைச் சுற்றினால் போதுமானது.

குழல்வாயில் துணியோ தக்கையோ அடைக்கக் கூடாது. உள்ளே ஈரம் தங்கும். அதைவிட, எடுக்க மறந்து சுட்டால் குழல் வெடிக்கும்.

வைக்கும் இடம் மேல்மாடி அறையாக இருந்தாலும் சரி, கூடமாக இருந்தாலும் சரி, உலர்ந்து இருக்க வேண்டும். பூட்டக்கூடிய பீரோவோ மரப்பெட்டியோ வேண்டும். பெட்டி தரையிலிருந்து அரை அடி உயரத்திலும், சுவரிலிருந்து சற்றுத் தள்ளியும் இருக்கட்டும். அடுப்பங்கரைப் பரணில் புகையும் ஈரமும் சேரும். உர மூட்டையும் பூச்சிமருந்தும் இருக்கிற அறையில் பொட்டாஷ், யூரியா முதலியவற்றின் உப்பும் ஆவியும் இரும்பை அரிக்கும். இவ்விரு இடங்களையும் தவிர்க்க வேண்டும். பெட்டிக்குள் 200 கிராம் சிலிக்கா ஜெல் மணிகளை ஒரு துணிப்பையில் கட்டி வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீல மணி வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அறியலாம். சமையலுக்கு உபயோகிக்காத தகரத்தில் இட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடியும் நீலமாகும், திரும்ப உபயோகிக்கலாம்.

மாட்டுக் கொட்டகை வேண்டாம்

கொட்டகைச் சுவரில் துப்பாக்கியையும் தோட்டாவையும் மாட்டிவைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது பற்றி ஒரு பழைய அனுபவம் உண்டு. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவத்தார், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தால் பித்தளைத் தோட்டாக்கள் பல வெடித்துக் கீறியிருந்தன. காரணம் பல வருடங்கள் புரியவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவிதான் பித்தளையைக் கீறிவிடுகிறது என்று 1921-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். மாட்டு மூத்திரத்திலும் அதே ஆவிதான் எழுகிறது. ஆகவே தோட்டாவைக் கொட்டகைப் பக்கமே கொண்டு போகக் கூடாது.

தோட்டா, மருந்து, கேப்பு ஆகியவற்றைத் துப்பாக்கியோடு வைக்காமல் வேறு பெட்டியில் பூட்டி, சாவியையும் தனியே வைக்க வேண்டும். தோட்டாவுக்கு எண்ணெய் தடவக் கூடாது. எண்ணெய் அடிக் கேப்புக்குள் இறங்கி மருந்தைக் கெடுக்கும். பச்சைக் களிம்பு பிடித்ததையும், உப்பியதையும், கீறியதையும் தனியே பிரித்து, லைசென்ஸ் பெற்ற கடைக்காரரிடமோ போலீஸ் ஸ்டேஷனிலோ கேட்டு ஒப்படைக்க வேண்டும். வெயிலில் காயவைத்து ஒப்பேற்ற முயல வேண்டாம்.

மாதாந்திரச் சோதனை

மாதம் ஒரு முறையும், அடைமழைக் காலத்தில் 15 நாளுக்கு ஒரு முறையும் துப்பாக்கியை எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். கட்டையில் உளுத்த துளையோ, பெட்டியடியில் கரையான் மண்ணோ தெரிகிறதா என்றும் பாருங்கள்.

மேலாகச் செந்துரு கண்டால், மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். பாத்திரம் துலக்குவதுபோல் புளி, செங்கல் பொடி, சாம்பல் போட்டுத் தேய்க்கக் கூடாது. உப்புத்தாளும் கூடாது. குழலின் கருநிறப் பூச்சு ஒரு காப்பு. அது போய்விட்டால் துரு இன்னும் எளிதாகப் பிடிக்கும். குழலின் உட்புறம் அம்மைத் தழும்புபோல் பள்ளம் விழுந்திருந்தால், ரிப்பேர்க்காரர் பார்த்துச் சொல்லும் வரை அந்தத் துப்பாக்கியால் சுடவே கூடாது.

மறுபடி எடுக்கும்போது

ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் நம்பர், அப்போதைய நிலை ஆகியவற்றுடன் ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பப் பெறும்போது அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி காலிச் சோதனை செய்து, பழைய எண்ணெயையும் கிரீஸையும் முழுதும் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சும்மா கிடந்த குழலில் குளவி மண் கூடு கட்டியிருப்பது உண்டு. அதை அறியாமல் சுட்டால் குழல் பிளக்கும். கேப்புத் துப்பாக்கியின் முனைத் துளையை மெல்லிய ஊசியால் சுத்தம் செய்யலாம். குழலில் வாய் வைத்து ஊதிப் பார்க்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

லைசென்ஸையும் கவனியுங்கள்

துப்பாக்கியைப் பாதுகாத்து, லைசென்ஸை மறந்துவிட்டால் பயனில்லை. 2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டபின் லைசென்ஸின் காலம் 3 வருடத்திலிருந்து 5 வருடமாக்கப்பட்டது. காலம் முடியும் தேதியைப் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டி வையுங்கள். காலம் கடந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதமின்றிப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால், வாரிசுகள் தங்கள் பெயரில் லைசென்ஸ் பெறாமல் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கியை அண்ணன் தம்பிக்கோ பக்கத்துத் தோட்டக்காரருக்கோ இரவலாகக் கொடுப்பதும் குற்றமாகும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் என்பது வனவிலங்குகளைச் சுடும் அனுமதி அல்ல. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பயிருக்குச் சேதம் செய்யும் விலங்கானாலும் வனத்துறையின் உரிய அனுமதியின்றிச் சுடக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால்: காலியா என்று பார், கழுவு, காயவை, மெல்லிய எண்ணெய் தடவு, குதிரையை இறக்கு, உலர்ந்த இடத்தில் பூட்டி வை, தோட்டாவைத் தனியே வை, மாதம் ஒரு முறை எடுத்துப் பார். இந்த எட்டையும் கடைப்பிடித்தால் தகப்பனார் வைத்துவிட்டுப் போன துப்பாக்கி பிள்ளை காலத்திலும் பழுதின்றி இருக்கும். வீட்டாருக்கும் அதனால் ஆபத்து நேராது.